கடையில் நிற்கும் கால்களைக் காப்போம்



காலை 6 மணிக்குக் கடை திறந்தால் இரவு 10 மணிக்குத்தான் அடைக்கிறோம். இடையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நின்றபடியே எடை போடுகிறோம், பொட்டலம் கட்டுகிறோம், பரணில் ஏறி இறங்குகிறோம், கொள்முதலுக்குச் சந்தையைச் சுற்றி வருகிறோம். சரக்கு இருப்பை மாதம் ஒரு முறை எண்ணிப் பார்க்கிறோம். தராசுக்கும் படிக்கல்லுக்கும் தவறாமல் முத்திரை வைக்கிறோம். ஆனால் இத்தனை வேலையையும் தாங்கி நிற்கும் கால்களை, அவை வலித்து நம்மை உட்கார வைக்கும் வரை நாம் குனிந்து பார்ப்பதில்லை.

சங்கக் கூட்டங்களுக்கு வரும் வியாபாரிகளில் படியேறும்போது கைப்பிடியைத் தேடாதவர்கள் குறைவு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நாற்காலியிலிருந்து எழும்போது “அப்பாடா” என்று சொல்லாமல் எழுவதில்லை. “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் நாம் நிற்கும் முறையாலும், வெறுங்கால் பழக்கத்தாலும், உடல் எடையாலும், கவனிக்காத சர்க்கரையாலும் வருவதும் உண்டு. அவற்றை நம்மால் மாற்ற முடியும்.

நாம் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். 40 ஆண்டுகளுக்கு மேல் மொத்த வியாபாரத்தில் இருந்து, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் தொழிலுக்குப் பொருத்தி இங்கே தருகிறோம். குதிகால் வலி, முழங்கால் தேய்மானம், நரம்புச் சுருட்டு, சர்க்கரை நோயாளியின் பாதம் ஆகிய நான்கையும் முதலில் பார்ப்போம். பிறகு கடையில் செய்ய வேண்டிய ஏற்பாடுகளைப் பார்ப்போம்.

1. குதிகால் வலி

காலையில் படுக்கையை விட்டு இறங்கிக் காலைத் தரையில் ஊன்றியதும் குதிகாலில் ஆணி குத்தியதுபோல் ‘சுரீர்’ என்கிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. மதியம் சிறிது உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் வலிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது பெரும்பாலும் பாதப் பட்டையின் நோவு.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை ஒரு வளைவாக, பாலத்தின் வளைவுபோல் அமைந்துள்ளன. அந்த வளைவு சரிந்துவிடாமல், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை ஒரு தடித்த தசைநார்ப் பட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. சிமெண்டுத் தரையிலும் கிரானைட் தரையிலும் மணிக்கணக்கில் நிற்கும்போது இந்தப் பட்டை ஓயாமல் இழுபடுகிறது. குதிகாலோடு ஒட்டியிருக்கும் இடத்தில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. இரவில் கால் ஓய்வாக இருக்கும்போது பட்டை சுருங்குகிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது திடீரென்று இழுபடுகிறது. அதனால்தான் காலையில் வலி அதிகம். 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கும், எடை கூடியவர்களுக்கும், கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கும் இது அதிகம் வரும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து “குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது” என்று சொன்னால் பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படி எலும்பு முளை இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். ஆகவே அந்த எலும்பை வெட்டி எடுத்தால்தான் குணமாகும் என்று எண்ண வேண்டாம்.

செய்ய வேண்டியவை:

• படுக்கையில் இருக்கும்போதே, எழுவதற்கு முன், கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கம் இழுத்து 10 எண்ணும் வரை வைத்திருக்கவும். 10 முறை செய்யவும்.

• சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயவும். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். 30 விநாடி, 3 முறை. காலையும் மாலையும் செய்யவும்.

• தண்ணீர் நிரப்பிக் குளிரவைத்த பாட்டிலைத் தரையில் போட்டு, நாற்காலியில் அமர்ந்து பாதத்தால் உருட்டவும். 10 நிமிடம் போதும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இதைச் செய்யக் கூடாது.

• குதிகால் பக்கம் மெத்தென்று இருக்கும் செருப்பை அணியவும். தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பைத் தூக்கி எறியவும்.

இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு வாரத்தில் போகிற வலி அல்ல இது. ஆனால் விடாமல் செய்தால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஓர் ஆண்டுக்குள் குணமாகிவிடுகிறது.

2. முழங்கால் தேய்மானம்

“ஜவ்வு தேய்ந்துவிட்டது” என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் வழவழப்பான குருத்தெலும்பு உறை இருக்கிறது. எலும்பும் எலும்பும் உரசாமல் காப்பது அதுதான். இந்தக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது, பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை உறிஞ்சுவதுபோல், அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. எனவே மூட்டு வலிக்கிறதென்று அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு மேலும் கெடும். அளவோடு அசைப்பதுதான் அதற்கு மருந்து.

அடுத்தது எடை. சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு சுமை முழங்காலில் இறங்குகிறது. படி இறங்கும்போதும், குத்துக்காலிட்டு அமர்ந்து எழும்போதும் அது இன்னும் கூடும். எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறக்குறைய 4 கிலோ சுமை குறைகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நாம். 5 கிலோ குறைத்தால் அடிக்கு 20 கிலோ மிச்சம். ஒரு நாளைக்கு 5,000 அடி நடக்கிறோம் என்றால் எவ்வளவு சுமையை இறக்கி வைக்கிறோம் என்று பாருங்கள்! கடையில் வேலை மும்முரத்தில் வாயில் போட்டுக்கொள்ளும் நிலக்கடலை, மிக்சர், மாலை 4 மணி வடை, நாளைக்கு ஆறு தடவை சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றில் கை வைத்தாலே அந்த 5 கிலோவில் பெரும்பகுதி குறையும்.

மூன்றாவது தொடைத் தசை. தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால் மூட்டுக்கு வரும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்தால் அந்தத் தசை மெலிந்து, மூட்டு தனியாகச் சுமை தாங்குகிறது. இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. கல்லாவில் நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டித் தூக்கவும். தொடையை இறுக்கி 5 விநாடி வைத்து இறக்கவும். காலுக்கு 10 முறை. நாளைக்கு மூன்று வேளை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் செய்தால் யாருக்கும் தெரியாது, செலவும் இல்லை.

படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்கவும். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்கவும். ஊன்றுகோல் பிடிப்பதானால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். கீழ்த்தட்டில் உள்ள சரக்கை எடுக்கக் குத்துக்காலிட்டே அமராமல், ஒரு சிறு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எடுக்கவும்.

மாத்திரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மருந்துக்கடையில் “கால் வலிக்கு நாலு மாத்திரை கொடுங்க” என்று கேட்டு வாங்கி, வலி வரும்போதெல்லாம் விழுங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வலி நிவாரண மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வலி தைலமோ, மேலே தடவும் களிம்போ அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது. மாத்திரையானால் மருத்துவர் சொன்ன அளவும் நாளும் மட்டுமே.

இத்தனையும் செய்தும் இரவில் தூங்க முடியாத வலி, வீட்டுக்குள் நடக்கவே முடியாத நிலை என்று வந்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. இன்று பொருத்தும் செயற்கை மூட்டு பெரும்பாலோருக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறது. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமிய வகைக்கு அப்போது வரி நீங்கலாக ரூ.54,720 என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முன் அதே மூட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வாங்கினார்கள். ஆகவே அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், மூட்டின் விலையைத் தனியாகக் காட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பிறருக்கு ரசீது கொடுக்கும் நாம், நமக்கு ரசீது கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

3. நரம்புச் சுருட்டு

பெயர்தான் நரம்பு, உண்மையில் இது இரத்தக் குழாயில் வரும் கோளாறு. காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே இதயத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்காகக் கால் சிரைகளில் ஒருவழிக் கதவுகள் உள்ளன. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கதவு மூடி, கீழே வழியாமல் தடுக்கிறது. நடந்தால் தசை வேலை செய்யும். நின்ற இடத்திலேயே நின்றால் தசை சும்மா இருக்கும், இரத்தம் தேங்கும், கதவுகள் பழுதாகும், சிரைகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொள்ளும். மாலையில் கால் கனப்பது, கணுக்கால் வீங்குவது, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, ஆறாத புண்ணாகும்.

அரை மணிக்கு ஒரு முறை குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் 20 முறை எழுந்து இறங்கவும். இரவில் 15 நிமிடம் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி வைத்துப் படுக்கவும். மருத்துவர் சொல்லும் அளவில் இறுக்கமான காலுறையைக் காலையில் எழுந்ததும் அணியவும். வீங்கிய பிறகு மாலையில் அணிந்து பயனில்லை. காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உறையை அணியக் கூடாது.

4. சர்க்கரை நோயாளியின் பாதம்

இந்தக் கட்டுரையில் எதை விட்டாலும் இந்தப் பகுதியை விட வேண்டாம். மேலே சொன்ன மூன்றும் நம்மை வாட்டும். இது காலையே எடுத்துவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொல்கிறது. நேரம் தவறிச் சாப்பிட்டு, உடற்பயிற்சி இல்லாமல் கல்லாவில் இருக்கும் நம் வட்டாரத்தில் அது குறைவாகவா இருக்கும்?

சர்க்கரை பல ஆண்டு கட்டுக்கடங்காமல் இருந்தால் பாதத்து நரம்புகள் பழுதாகி உணர்ச்சி போய்விடுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்கி ஓட்டமும் குறைகிறது. முதலில் எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சின் மேல் நடப்பதுபோன்ற உணர்வு. பிறகு ஒன்றுமே தெரியாது. வலி இல்லை என்பதால் நோயும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் கெடுவதற்குப் பெரிய காரணம் உணர்ச்சி இழப்புதான் என்று எடுத்துக்காட்டினார். வலி தெரியாததால் காயத்தோடு நடந்து நடந்து காலை அழித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. சர்க்கரை நோயாளியின் பாதத்திலும் நடப்பது இதுவேதான்.

நம்மிடம் நீண்ட நாள் சரக்கு எடுத்துவந்த சில்லறை வியாபாரி ஒருவர், கோடவுனில் மூட்டை அடுக்கும்போது பெட்டியின் ஆணி உள்ளங்காலில் ஏறியது தெரியாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறார். காலுறையில் ஈரம் பட்டுப் பார்த்த வீட்டம்மாதான் கண்டுபிடித்தார். மஞ்சளை வைத்துக் கட்டி இன்னும் நாலு நாள் கடைக்கு வந்தார், தீபாவளி நேரம் என்பதால். முடிவில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. வாடிக்கை எதிர்க்கடைக்குப் போனது. மருத்துவச் செலவைவிட அந்த நட்டம் பெரிது.

எனவே சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும்:

• தினமும் இரவில் வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்கவும். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கவும், அல்லது வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லவும். விரலிடுக்குகளையும் பார்க்கவும்.

• கழுவிய பிறகு விரலிடுக்கில் ஈரம் துடைக்கவும். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது; ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும்.

• கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையில் அமிலம் இருக்கிறது. அது நல்ல தோலையும் அரிக்கும்.

• செருப்பை மாட்டும் முன் தட்டிக் கையால் தடவிப் பார்க்கவும். புதுச் செருப்பை மாலையில் வாங்கவும். அப்போதுதான் பாதம் முழு அளவில் இருக்கும். பின்பட்டை உள்ளதே நல்லது. மைக்ரோ செல்லுலர் ரப்பர் செருப்பு என்று கேட்டால் மெத்தென்ற அடிப்பகுதி கொண்டது கிடைக்கும்.

• வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பார்க்கவும். கோடையில் உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலால் சுற்ற வேண்டாம். காலையிலேயே தரிசனத்தை முடித்துவிடலாம்.

• ஆண்டுக்கு ஒரு முறை பாதச் சோதனை செய்துகொள்ளவும். 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த 10 கிராம் தெரியவில்லை என்றால் பாதத்துக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். தராசில் 10 கிராம் குறைந்தால் சண்டைக்கு வரும் வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த 10 கிராம் அதைவிடப் பெரிது.

இந்தியாவிலேயே முதல் சர்க்கரை நோய்ப் பிரிவு 1948இல் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்களால் தொடங்கப்பட்டது. இந்த நோயைக் கவனிப்பதில் நம் மாநிலத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம். நேரமில்லை என்று சொல்வது பொருந்தாது.

5. கடையில் செய்ய வேண்டியவை

கடை நமக்குக் கோயில் மாதிரி. லட்சுமி படம் மாட்டியிருக்கும் இடத்தில் செருப்போடு ஏற மனம் வராது. அந்த மரியாதை இருக்கட்டும். கடைக்குள் மட்டும் அணிய மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது வெளியே போக வேண்டாம். எடை போடும் இடத்தில் வெறுந்தரையில் நிற்காமல், கனத்த ரப்பர் விரிப்பு அல்லது நாலாக மடித்த சணல் சாக்கு போட்டு அதன்மேல் நிற்கவும். சாக்கு வழுக்காமலும் தடுக்காமலும் இருக்க வேண்டும்.

கல்லாவின் கீழே ஒரு சாண் உயரத்தில் ஒரு பலகை போடவும். ஒரு காலை அதன்மேல் வைத்து, சிறிது நேரம் கழித்துக் காலை மாற்றவும். அதிகம் விற்கும் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றை முழங்காலுக்கு மேலும் தோளுக்குக் கீழும் அடுக்கவும். எப்போதோ கேட்கும் சரக்கு அடித்தட்டிலும் பரணிலும் இருக்கட்டும்.

நூறு கிலோ மூட்டைகள் போய் 50 கிலோ வந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரை உள்ள அரிசிச் சிப்பங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்தபோது, 26 கிலோச் சிப்பமும் வந்தது. எத்தனை கிலோவானாலும் இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழ வேண்டும். மூட்டையோடு உடம்பைத் திருகக் கூடாது. பாதத்தை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் தூக்கவே வேண்டாம், தள்ளுவண்டி வாங்குங்கள்.

நம் கால்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் கடைப்பையன்களும் விற்பனைப் பெண்களும் நம்மைவிட அதிக நேரம் நிற்கிறார்கள். கேரள அரசு 2018இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழகத்தில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்யும் எல்லோருக்கும் ஏற்ற இருக்கை இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும், நாள் முழுவதும் நின்றபடியே இருக்கக் கூடாது என்பது அதன் கருத்து.

“பையன் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைப்பாரே” என்று சிலர் கேட்கிறார்கள். ஆள் வந்ததும் எழுந்து நிற்கும் பையனை யாரும் குறை சொல்வதில்லை. கால் வலியோடு முகம் சுளித்துப் பேசும் பையனால்தான் வாடிக்கை போகிறது. நல்ல ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்தக் காலத்தில், சில நூறு ரூபாய் ஸ்டூல் ஓர் ஆளை நம்மிடம் நிற்க வைக்கும்.

6. தள்ளிப் போடக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்:

• ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் வலிப்பது. அத்துடன் மூச்சுத் திணறினால் நேராக மருத்துவமனைக்கே போக வேண்டும்.

• முழங்கால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வருவது.

• கால் பெருவிரல் மூட்டு ஒரே இரவில் சிவந்து வீங்கித் துணி பட்டாலே துடிப்பது. யூரிக் அமிலம் கூடியதால் வருவதாக இருக்கலாம். இரத்தம் சோதித்தால் தெரியும், மருந்தும் உண்டு.

• விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை.

• சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் எந்தப் புண்ணானாலும், கொப்புளமானாலும், நிறம் கறுத்தாலும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்றார்கள் பெரியவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த கடை நம் கால்களின் மேல்தான் நிற்கிறது. இன்று இரவு கடை அடைத்துக் கணக்கு முடித்ததும், ஐந்து நிமிடம் ஒதுக்கி இரண்டு பாதங்களையும் பாருங்கள். நாளைக் காலை கடைக்கு வரும்போது இரண்டு ஸ்டூல்களும் ஒரு ரப்பர் விரிப்பும் வாங்கி வாருங்கள். உங்களுக்கு ஒன்று, உங்கள் கடைப்பையனுக்கு ஒன்று.